குறைபாடற்ற தகடு

ஒளிக்குப் பாதை போடுவது என் தொழில். கேட்கப் பெரிதாக இருக்கும். வேலையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தகட்டில்தான். தகடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நடுவே முடியளவு அகலத்தில் ஒரே ஒரு கோட்டில் மட்டும் துளைகளைப் பிசினால் அடைப்பேன். அந்தக் கோட்டுக்குள் ஒளி ஓடும். இரு பக்கத்துத் துளைகளும் அதை வெளியே விடாமல் காவல் காக்கும்.

இதற்கு மூன்று வருடம் ஆயிற்று. மாத முடிவில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. தகட்டுக்குத் தரச் சான்றிதழ் கிடைத்தால் நீட்டிப்பு. இல்லையேல் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

தர ஆய்வு அதிகாரி தகட்டைப் பார்க்கவில்லை. அறிக்கையைப் பார்த்தார்.

“துளை இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார், வேணும்னேதான் வெச்சோம்.”

“வேணும்னே வேறயா!” பேனாவை மூடினார். “படிவத்துல பதினோராவது கேள்வி: ‘பொருளில் துளை உண்டா?’ உண்டுன்னா நிராகரிப்பு.”

“துளை இல்லேன்னா ஒளி கோட்டுக்குள்ள நிக்காது சார்.”

“அந்தக் கோட்டுல மட்டும் அடைச்சிருக்கீங்களே?”

“அதுலதான் ஒளி போகும்.”

“ஆக, அடைச்சாத்தான் போகுது. மீதியையும் அடைச்சா இன்னும் ஜோராப் போகுமே! பாதி வேலைய முடிச்சிட்டு முழுச் சான்றிதழ் கேக்கறீங்களேம்மா.”

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும். அடைச்சுத் தொலையேன்” என்றார்.

அடைத்துத் தொலைத்தேன். ஒரு முனையில் நுழைந்த ஒளி மறுமுனைக்கு வரவில்லை. போக வழி தெரியாமல் தகடு முழுக்க மங்கலாகப் பரவி நின்றது.

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “முன்னே ஒரு கோட்டுக்குத்தான் வெளிச்சம். இப்போ பாருங்க, எல்லா இடத்துக்கும் சமமாக் கெடைச்சிருக்கு!” மேற்படி பொருள் குறைபாடற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. எங்கள் இயக்குநர் அந்தத் தகட்டில் தம் பெயரைப் பொறித்துத் தம் அறைக்கதவில் மாட்டினார். மறுவாரமே துணை இயக்குநர் தமக்கும் ஒன்று கேட்டார். பிறகு கேட்காதவரே இல்லை. எங்கள் ஒளிப்பாதைப் பிரிவு இப்போது மூச்சுவிட நேரமின்றிப் பெயர்ப்பலகை செய்கிறது. எனக்கு ஐந்து வருட நீட்டிப்பு. என் கதவிலும் ஒன்று மினுங்குகிறது.

அதைப் பார்க்க வந்த கணவர் கேட்டார்: “அது சரி, வெளிச்சம் இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்குப் போகுதா?”

பேனாவை மூடினேன். “படிவத்துல அப்படி ஒரு கேள்வியே இல்லீங்க.”

நியாயம்தான் என்று தலையாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“எங்க ஆபீஸ்ல என் கதவுக்கும் ஒண்ணு செஞ்சு குடேன்.”