வெல்டர் குணமாக்கப்பட்ட வரலாறு

குடித்துவிட்டுக் குற்றம் செய்கிறவர்களைச் சிறையில் தள்ளுவது காட்டுமிராண்டித்தனம், சிகிச்சை கொடுத்துத் திருத்துவதே நாகரிகம் என்று மேலிடம் ஒருவழியாக முடிவெடுத்தது. முடிவெடுத்த கையோடு அதைக் கொண்டாட ஒரு விருந்தும் நடந்தது. விருந்தில் என்ன ஊற்றிக் கொடுத்தார்கள் என்பது நம் கதைக்கு வேண்டாத விஷயம். சிறையா சிகிச்சையா என்பதைக் குற்றவாளியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். எந்த நல்ல சட்டமும் அலுவலகங்கள் வழியாகத்தான் மக்களிடம் வந்து சேரவேண்டியிருக்கிறது என்பது ஒன்றுதான் அதில் சங்கடம்.

இந்தச் சட்டத்தால் பயனடைந்தவர் கடைத்தெருவில் பட்டறை வைத்திருந்த ஒரு வெல்டர். பயனடைந்தது அவர் என்றாலும் அலைந்தது அவர் மனைவி. பட்டறையை ஒட்டிய சின்ன அறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைத் தையல்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வாய்க்குள் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுகிற வழக்கம் இருந்ததால், அவர் பேச்சு கொஞ்சம் குத்தலாகத்தான் இருக்கும்.

வெல்டர் செய்த குற்றம் இது. நகராட்சி அலுவலகத்தின் இரும்புக் கேட்டில் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மனிதர் மத்தியானமே நன்றாக ஏற்றிக்கொண்டு போய், தாழ்ப்பாளை ஒட்டுவதற்குப் பதிலாக, கேட்டின் இரண்டு கதவுகளையும் மேலிருந்து கீழ்வரை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டு, மதில் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். வேலை சுத்தமான வேலை. வெளியே காத்திருந்த மக்கள், இன்றைக்கும் உள்ளே விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று வழக்கம்போல் கலைந்து போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்தபோதுதான் குற்றம் வெளிச்சத்துக்கு வந்தது. கேட்டை அறுத்தெடுக்க ஆள் வரும்வரை, அலுவலக நேரம் முடிந்த பிறகும் அத்தனை பேரும் அலுவலகத்திலேயே இருக்க நேர்ந்தது. அந்த நகராட்சியின் சரித்திரத்தில் இப்படி ஒரு கொடுமை நடந்ததே இல்லை.

ஜாமீனில் வீட்டுக்கு வந்த வெல்டர் ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே தீ பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் மனைவியிடம். "அத்தனை பேரும் கேட்டைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே செத்திருப்பாங்க. நான் பக்கத்துல குறட்டை விட்டுட்டு இருந்திருப்பேன்."

அந்த நினைப்பு அவரை விடவே இல்லை. அன்றோடு குடியை நிறுத்திவிட்டார். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. தையல்காரம்மா மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே கிடந்தார். ஒரு நாள் காலையில் வெல்டர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "சூடா ஒரு டீ குடும்மா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு நன்றாக அழுதார்.

நீதிமன்றத்தில் நீதிபதி, சிறையா சிகிச்சையா என்று கனிவோடு கேட்டார். வெல்டர் சிகிச்சை என்றார். அப்படியானால் அடுத்த வாய்தாவுக்குள் அங்கீகாரம் பெற்ற மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருக்க வேண்டும், சேராவிட்டால் சிறை. அதுவரை ஒரு சொட்டு தொட்டாலும் ஜாமீன் ரத்து, அப்போதும் சிறை. இதைவிடத் தெளிவாக யாராலும் உத்தரவு போட முடியாது.

மறுவாழ்வு மையத்தைப் பார்த்ததும் தையல்காரம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். அவ்வளவு பளபளப்பு. கூடத்தின் நடுவே செயற்கை நீரூற்று, மூலைக்கு மூலை மெல்லிய புல்லாங்குழல் ஓசை. குடியை விடுவது அப்போது வசதியானவர்களிடையே பெரிய நாகரிகமாக இருந்தது. குடியைத் தொடங்கியது எப்போது என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. விட்டது எத்தனை தடவை என்பதில்தான் பெருமை. சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்த ஒரு பணக்காரப் பிள்ளை, மணிக்கட்டில் மரமணிக் காப்போடு, வெல்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல் மறுவாழ்வா?" என்று பரிவாகக் கேட்டது.

சேர்க்கை அதிகாரி வெல்டர் முன்னால் ஒரு கருவியை நீட்டினார். வெல்டர் ஊதினார். அதிகாரி கருவியைத் தட்டிப் பார்த்து மறுபடி ஊதச் சொன்னார். அப்புறம் முகத்தைச் சுளித்தார்.

"ஒண்ணுமே இல்லையே. எதுக்கு வந்திருக்கீங்க?"

"குடியை விடத்தான் சார்" என்றார் வெல்டர்.

"எந்தக் குடியை?"

"அவர் விட்டுட்டாருங்க" என்று தையல்காரம்மா பூரிப்போடு குறுக்கிட்டார்.

"யாரைக் கேட்டு விட்டார்?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி உள்ளவர்.

"இதோ பாருங்கம்மா. இங்க சேரணும்னா நோய் இருக்கணும். இவருக்கு நோய் இருந்துச்சு, நான் மறுக்கல. ஆனா வீட்டுலயே வெச்சு, எந்தத் தகுதியும் இல்லாம, நீங்களே சரி பண்ணிட்டீங்க. முறைப்படி பாத்தா இது முறையற்ற குணம். இதை நாங்க அங்கீகரிக்க முடியாது."

"அப்ப குணமாயிட்டாருன்னு எழுதிக் குடுத்துடுங்க சார். கோர்ட்டுல காட்டிக்கறோம்."

"நாங்க சேக்காத ஆளை நாங்க எப்படிம்மா குணப்படுத்த முடியும்?"

நியாயமான கேள்வி. தையல்காரம்மா நீதிமன்றத்துக்கு ஓடினார். அங்கே குமாஸ்தா உத்தரவை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

"சிகிச்சை பெற வேண்டும்னு இருக்கு. நல்லா இருக்க வேண்டும்னு எங்கயாவது இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நல்லா இருக்கிறது உங்க சொந்த விஷயம். சிகிச்சை கோர்ட்டு விஷயம். வாய்தாவுக்குள்ள சேரலைன்னா உள்ளதான்."

மறுபடி மையம். மறுபடி நீதிமன்றம். கால் தேய நடந்ததுதான் மிச்சம். கடைசியில் சேர்க்கை அதிகாரியே மனம் இரங்கி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. காலையில கொஞ்சம் குடிக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க. அடையாளத்துக்குத்தான். ஊதினதும் சேத்துக்கறேன்."

"ஜாமீன்ல இருக்காரு சார். வழியில போலீஸ் பிடிச்சா?"

"வழியில ஏன் குடிக்கணும்? எங்க வாசல்லயே குடிக்கட்டும்."

அன்று சாயங்காலம் தையல்காரம்மா விஷயத்தைச் சொன்னபோது வெல்டர் பட்டறையில் ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மனைவியை வெறித்துப் பார்த்தார்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

"வேணாம்மா. ஜெயிலுக்கே போறேன். இப்பத்தான் எனக்குக் குடி நினைப்பே வராம இருக்கு. மறுபடி உள்ள விட்டா அது வெளியே போகாது. எனக்கு என்னைத் தெரியும்."

"ஜெயிலுக்குப் போயிட்டா பட்டறையை யாரு பாக்கறது? நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்? ஒரே ஒரு வாய்ங்க. அப்புறம் அவ்வளவு பெரிய எடம், அத்தனை டாக்டருங்க, பாத்துக்க மாட்டாங்களா?"

புருஷனை விட அந்தப் பளபளப்பான கட்டடத்தை நம்பினார். நாமும் அப்படித்தானே நம்புகிறோம்?

பாட்டிலை வாங்கத் தையல்காரம்மாவே போனார். புருஷனை அனுப்பப் பயமாக இருந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் வெலவெலத்துப் போய் வழி விட்டார்கள். கடைக்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"மையத்துல சேக்கவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் வர்ற கேஸ்தாம்மா. இந்தச் சின்ன பாட்டில் எடுத்துக்குங்க. இதைக் குடிச்சுட்டு ஊதுனா தப்பாது. இதுக்குன்னே தனியா வரவழைச்சு வெச்சிருக்கேன்."

மறுநாள் காலை மைய வாசலில், ஆட்டோவுக்குள், தையல்காரம்மா தம்ளரை நீட்டினார். வெல்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தார். முதல் மடக்குதான் மருந்து. தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் விரல்கள் அதை விடத் தாமதித்ததைத் தையல்காரம்மா பார்த்தார். பார்க்காதது மாதிரி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

கருவி கீச்சென்று கத்தியது. சேர்க்கை அதிகாரி எழுந்து நின்று கைகுலுக்கினார். "வாழ்த்துகள். சரியான நேரத்துல வந்திருக்கீங்க."

சிகிச்சை தரமானதாக இருந்தது. வெல்டர் தன் கோபத்துக்கு என்ன நிறம் என்று வரைந்து காட்டினார். எல்லாரோடும் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து காரணம் இல்லாமல் சிரித்தார். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அதனிடம் மன்னிப்புக் கேட்டார். தொண்டை வறண்டு நாக்கு இழுக்கிறது, ஏதாவது மருந்து கொடுங்கள் என்று அவர் கேட்டபோதெல்லாம், இன்னும் கொஞ்சம் ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். மூச்சு விடுவதில் அவருக்கு முன்பும் கஷ்டம் இருந்ததில்லை. சிகிச்சை நாட்கள் முடிந்ததும் நீதிபதி, நகராட்சி ஆணையர் எல்லாரும் மேடை ஏற, வெல்டருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானது. அவர் சான்றிதழோடு நிற்கும் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நீரூற்றுக்கு நேர் எதிரே மாட்டினார்கள்.

சான்றிதழைப் பட்டறையில் வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போன வெல்டர் திரும்பி வரும்போது தள்ளாடிக்கொண்டு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். தினமும் அதே கதை ஆயிற்று. தையல்காரம்மா திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். திட்டும்போது நாக்கு பாதியில் நின்றுவிடும். தம்ளரை நீட்டிய கை தன் கை அல்லவா? பொறுக்க முடியாமல் மையத்துக்கு ஓடினார்.

"சார், மறுபடி குடிக்கிறாரு. இப்ப நிஜமாவே குடிக்கிறாரு. ஊதச் சொல்லுங்க, உங்க மெஷினே வெடிச்சுடும். சேத்துக்குங்க."

"முடியாதும்மா. அவர் குணமானவர்."

"குடிக்கிறாருங்கறேன்!"

"குடிக்கலாம். ஆனா எங்க சான்றிதழ் உள்ளவர் நோயாளியா இருக்க முடியாது. புதுசா ஏதாவது கேஸ் இருக்கா? இருந்தா புது நோயாளியாச் சேக்கலாம். யாரையாவது அடிச்சாரா?"

"அவர் யாரையும் அடிக்க மாட்டாருங்க. குடிச்சிட்டு வந்து ஓரமா படுத்துப்பாரு."

அதிகாரி உச்சுக்கொட்டினார். "உங்களையாவது?"

"இல்லைங்க."

"இப்படிச் சாதுவா குடிச்சா நாங்க என்னம்மா பண்றது? சட்டத்துல அவருக்கு எடமே இல்லையே."

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தார். சுவரில் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தப் படத்தையாவது கழட்டிடுங்க" என்றார்.

"அதை எப்படிம்மா? அது எங்க சாதனை."

அவ்வளவுதான். அந்த அம்மாள் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதிகாரியின் மேஜைமேல் ஓங்கி அடித்தார். ஊதுகிற கருவியும் உடைந்தது, அதிகாரியின் புருவமும் கிழிந்தது. புல்லாங்குழல் ஓசை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதே நீதிமன்றம், அதே நீதிபதி. அரசு அங்கீகாரம் பெற்ற சாதனையைச் சேதப்படுத்தியது, அதிகாரியைக் காயப்படுத்தியது என்று வழக்கு. நீதிபதிக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிகிச்சைக்கு அனுப்பிவிடலாம் என்று மனதார வழி தேடினார்.

"சம்பவத்தன்று குடித்திருந்தீர்களா?"

தையல்காரம்மா தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. மையத்துல நல்ல ரூம் குடுப்பாங்க. கடையில நின்னு பாட்டில் வாங்கினதுக்குச் சாட்சி இருக்கு. பொழச்சுக்குவீங்க."

அந்த அம்மாள் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பட்டறை, தையல் மெஷின், ஓரமாய்ப் படுத்துக்கிடக்கிற மனுஷனுக்கு யார் சோறு போடுவது என்ற கவலை எல்லாம் கண்முன் வந்தன. ஒரு பொய்தானே? 'ஆ' என்று வாயைத் திறந்துவிட்டார்.

அதற்குள் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெல்டர். நிற்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஐயா! பொய் ஐயா! யார் சொன்னாலும் நம்பாதீங்க! என் பொண்டாட்டி ஒரு சொட்டு தொட்டதில்லை ஐயா. தங்கம் ஐயா அவ! குடிச்சதெல்லாம் நான்தான்!"

நீதிமன்றமே உருகிப்போனது. குமாஸ்தாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் அதுவரை எந்தச் சாட்சியும் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை என்று வக்கீல்களே ஒப்புக்கொண்டார்கள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தையல்காரம்மாவின் ஒழுக்கத்தை மனம் திறந்து பாராட்டி, அதைத் தீர்ப்பிலும் எழுதி, குடிப்பழக்கம் இல்லாத காரணத்தால் சட்டப்படி வேறு வழியில்லை என்று வருத்தம் தெரிவித்து, அவரைச் சிறைக்கு அனுப்பினார்.