தாராளமாகக் கட்டலாம், கொஞ்சம் தள்ளி

வீடு கட்டி விற்கிறவர்கள் ஓர் இனம். வீடில்லாமல் அலைகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டுக்கும் நடுவே, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக மூன்றாவது இனம் ஒன்று உலவுவதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவர்தான் வீடில்லாதவர்களுக்காகக் கூட்டம் போடுகிறவர்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த இனத்துக்கு நல்ல விளைச்சல். மாதிரிக்குத் துளசிராமனை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தாறு. தொழில், மனை பிரித்து விற்பது. பதவி, 'இளைஞர் இல்லம்' கூட்டமைப்பின் தலைவர். பிளாட் போடுகிறவர், அடுக்குமாடி கட்டுகிறவர், செங்கல், சிமென்ட் விற்கிறவர் எல்லோரும் தொழில் போட்டியை மறந்து ஒன்றுசேர்ந்து, தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து தங்க இடமில்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு மலிவு வாடகையில் ஒரு குடியிருப்பு கட்டித் தருவதென்று மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிவெடுத்தார்கள். அதற்காக இதுவரை பதினெட்டுக் கூட்டம், அறுபது பொன்னாடை, நாலு துணைக்குழு. செங்கல்? ஒன்றுகூட இல்லை. அவசரப்பட்டால் எப்படி?

துளசிராமனுக்கு மைக் கிடைத்தால் குரல் தானாகத் தழுதழுக்கும். "நம் பிள்ளைகள் ரயிலடியில் படுத்துறங்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்பார். வரும். மதியம் இரண்டிலிருந்து நாலுவரை, யாரும் போன் செய்யக்கூடாது. ஆனால் மேடையில் அதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த நிமிஷம் அவருக்கே கண் கலங்கிவிடும். இந்த இனத்தின் விசேஷமே அதுதான்.

பத்தொன்பதாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெடுஞ்சாலை ஓட்டலின் ஏ.சி. ஹாலில் கூடியது. அன்றைக்கு இடத்தை முடிவு செய்தே ஆகவேண்டும். சுவரில் வட்டாரத்தின் பெரிய வரைபடம். அதில் சிவப்பு ஊசி ஒன்று, தலைவரின் சொந்த லேஅவுட்டுக்கு அடுத்த மனையில் குத்தியிருந்தது.

துளசிராமன் அதை மெதுவாகப் பிடுங்கினார். "இங்க வெக்கலாம். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா பாருங்க, பசங்களுக்குத் தேர்வாய் கண்டிகைதான் வேலைக்குக் கிட்ட." ஊசி தேர்வாய் கண்டிகைக்குப் போனது.

அங்கே தன் நெல்வயலை எழுபது மனையாக்கியிருந்த துலுக்காணம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "நைனா, நைனா, இன்னா இது? எங்கிட்ட மனை வாங்கினவன்லாம் பொண்டாட்டி புள்ளகுட்டிக்காரன். எதிர்ல நாப்பது பசங்க பனியனோட பல்லு வெளக்கிக்கினு நின்னா எவன் மீதி மனையத் தொடுவான்? எளாவூர்ல வெய்யி."

எளாவூரில் எட்வர்டுக்கு லாரி நிறுத்தும் நிலம் இருந்தது. "ராவும் பகலும் லாரி போய்க்கினே இருக்கும் சார். பாவம், பசங்க எப்டித் தூங்கும்? வள்ளூர் பாருங்க."

வள்ளூரில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தவர் கூட்டமைப்பின் செயலாளர் ஏஞ்சலின். "அங்க ஒரே தூசு சார். சின்னப் புள்ளைங்க நெஞ்சுக்கு ஆவாது" என்றார். அவருடைய விளம்பரத் தாளில் 'தூய காற்று, நிறைந்த ஆரோக்கியம்' என்று போட்டிருந்தது. அது வாங்குகிறவர்களின் நெஞ்சுக்கு.

ஊசி மறுபடி வடக்கே நடந்தது. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டியது. அங்கே யாருக்கும் மனை இல்லை.

"அது ஆந்திரா ஆச்சே நைனா" என்றார் துலுக்காணம்.

"இரு மாநில ஒத்துழைப்பு" என்றார் துளசிராமன். கைதட்டலோடு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து 'பயனாளி உரை' என்று இருந்தது. வீடே கட்டாதபோது பயனாளிக்கு எங்கே போவது? ஏஞ்சலின் முந்தின நாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் கையில் பையோடு நின்ற ஒரு பெண்ணைப் பிடித்து, சாப்பாடு உண்டு என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். பெயர் கல்பனா. வயது இருபத்தொன்று. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு வந்து சேர முடியாது. தங்கியிருந்த ஹாஸ்டலைப் போன வாரம் காலி செய்யச் சொல்லி, அட்டைப்பெட்டி அடுக்கும் குடோனாக மாற்றிவிட்டார்கள்.

மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாததால் அதை ஐஸ்கிரீம் மாதிரி வாயருகே வைத்துக்கொண்டு பேசினாள்.

"என் ஃபிரண்டு நைட் ஷிஃப்ட்டு. அவ வேலைக்குப் போனதும் அவ பாயில நான் படுத்துக்கினு இருந்தேன். நாளையிலர்ந்து அவளுக்கும் பகல் ஷிஃப்ட்டு. ஒரு பாயில ரெண்டு பேர் படுத்தா ரூம்ல மத்தவங்க காலு நீட்ட முடியாது. இன்னிக்கி இடம் கெடைக்கலன்னா வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போயிடணும்."

துளசிராமன் கைக்குட்டையை எடுத்தார். புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார். இங்கே உரை முடிந்திருந்தால் எல்லோரும் பிரியாணிக்குப் போயிருப்பார்கள். அவள் முடிக்கவில்லை.

"தலைவர் சார் ஊட்டு மாடி காலியாத்தான் கீது. ரெண்டு தபா வந்து கேட்டேன். ஃபேமிலிக்குத்தான் உடுவோம்னு அம்மா சொல்ட்டாங்க."

ஹால் முழுவதும் முன்வரிசைக்குத் திரும்பியது. அங்கே பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த துளசிராமனின் மனைவி புவனேஸ்வரிக்குக் காது சிவந்தது.

துளசிராமன் கைகளை விரித்துச் சிரித்தார். இந்த இனத்துக்கே உரிய சிரிப்பு அது. "எனக்கு இன்னாம்மா ஆட்சேபணை? நான் குடுக்கத் தயார். ஆனா வீட்டு நிர்வாகம் ஹோம் மினிஸ்டர் கையில. நான் அதுல தலையிடறதில்ல." ஆண்கள் எல்லோரும் புரிந்தாற்போல் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு மாடிகளும் அதே அமைச்சகத்தின் கீழ்தான் பூட்டிக் கிடந்தன.

புவனேஸ்வரி எழுந்தாள்.

"யாரு சொன்னது? நானா?" மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "இந்தப் பொண்ணு கேட்டப்ப நீங்க உள்ள பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சிக்கினு இன்னா சொன்னீங்க? 'ஃபேமிலிக்குத்தான்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, நீ சொல்ற மாதிரி சொல்லு'ன்னு. ரெண்டு வருஷமா இதே பேஜாரு. வந்து கேக்கிற புள்ளைங்ககிட்டல்லாம் நான் ராட்சசி, நீங்க தர்மராஜா."

"புவனா, இது பப்ளிக் மீட்டிங்கு."

"தெரியுது. அதனாலதான் எந்திரிச்சேன்." அவள் கல்பனாவைப் பார்த்தாள். "உன்ன மாதிரி எடமில்லாத ஃபிரண்டுங்க எத்தினி பேரு?"

"என்னோட மூணு பேரும்மா."

"சாயங்காலம் பொட்டிய எடுத்துக்கினு வாங்க. மோட்டாரு மட்டும் பாத்துப் போடுங்க, டேங்கு ஒழுவுது."

எந்தத் துளசிராமனும் இந்த இடத்தில் கவிழ்ந்துவிடுவான் என்றுதானே நினைக்கிறீர்கள்? இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கைதட்டல் ஆரம்பித்த இரண்டாவது நொடியில் அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "கூட்டமைப்பின் திட்டத்தில் முதல்கட்டமாக மூன்று பயனாளிகளுக்கு என் சொந்த இல்லத்திலேயே இடம் ஒதுக்கப்படுகிறது என்பதை உங்கள் முன் அறிவித்தது என் துணைவியார்" என்றார். துலுக்காணம் ஓடிவந்து பொன்னாடை போட்டார். கல்பனாவை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எட்வர்டின் தோள் மறைத்ததில், படத்தில் அவளுடைய பைதான் விழுந்தது.

அன்று மாலையே மூன்று பெண்களும் மாடியேறினார்கள். ஏறும்போதே படிக்கட்டுச் சுவரில் பதினாறு விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்பது மணிக்குமேல் நடக்கக்கூடாது. மீன் வறுக்கக்கூடாது. பதினாறாவது விதி, பத்திரிகைக்காரர்கள் வந்தால் மூவரும் வீட்டில் இருக்கவேண்டும். கல்பனா அதை முழுக்கப் படித்துவிட்டு, சிரித்துவிட்டு, பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தாள். முழு நீளத்துக்கு நீட்டினாள்.

மறுநாள் அதே கம்பெனியில் வேலை செய்கிற விமல் என்ற பையன், அந்த வீட்டின் பக்கவாட்டு அறை காலியா என்று கேட்டு வந்தான். அவனும் நாலு நாளாக ரயிலடியில் குளித்து வேலைக்குப் போகிறவன்தான். துளசிராமன் அவன் தோளில் கைபோட்டுக் கேட் வரைக்கும் அன்பாக நடத்திப் போனார். "உன் விஷயத்த அடுத்த மீட்டிங்ல மொத ஐட்டமா வெக்கிறேன் தம்பி." இந்தத் தடவை உள்ளேயிருந்து புவனேஸ்வரியும் ஒன்றும் சொல்லவில்லை.

சிரித்தீர்கள், சரி. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மாடியேறிய மூவரும் பெண்பிள்ளைகள் என்று படித்தபோது, 'அப்பப் பரவால்ல' என்று உங்களுக்குள் ஒரு நிம்மதி வந்ததா? விமலைக் கேட் வரைக்கும் நடத்திப் போனபோது, 'பையன்னா கொஞ்சம் விசாரிக்கணும்தானே' என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் கூச்சப்படாதீர்கள். கூட்டமைப்பின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயரை நானே எழுதிவிட்டேன். என் பெயருக்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி.