மின்மினியை அணைக்க வந்தவர்

பேராசிரியர் நிஷிசோனோ வாசலில் வந்து இறங்கிவிட்டார். அவருக்குக் காட்ட வேண்டிய செயற்கைக்கோள்தான் செத்து மூன்று வாரமாகிறது.

“அண்ணே, நாளைக்குத்தானே வர்றதாச் சொன்னாங்க?” என்றாள் கஜியா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து.

“நாளைக்குத்தான். மக லீவு போட்டுட்டாங்களாம். இன்னிக்கே வந்துட்டாரு.” இவாகிரி அவசரமாக மேசையை ஒதுக்கினான்.

கியூஷு தீவின் தென்கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்த ஆண்டெனா நிலையத்தில் இவர்கள் இரண்டு பேருக்கும் ஹோதாருவோடு பேசுவதுதான் வேலை. ஹோதாரு என்றால் மின்மினி; அந்தச் செயற்கைக்கோளின் பெயர். நட்சத்திரங்களின் எக்ஸ் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். அதை ஒவ்வொரு பொட்டாகப் பிடித்து எண்ணுகிற கருவியைப் பேராசிரியர் பதினோரு வருஷம் உட்கார்ந்து செய்தார். அது பதினாலு வருஷம் உழைத்தது.

இங்கே செயற்கைக்கோளைக் கேட்பாரில்லாமல் சாக விடுவதில்லை. பேட்டரி நைந்து, இனி முடியாது என்றானதும் நாள் குறிப்பார்கள். பெற்றவரைப் போல அதைச் செய்தவர் வந்து, அதன் குரலை நிறுத்தும் ஆணையைத் தன் கையால் அனுப்புவார். எல்லோரும் எழுந்து நின்று, இவ்வளவு நாள் உழைத்ததற்கு நன்றி என்று குனிந்து வணங்குவார்கள்.

நாள் குறித்த பிறகுதான் இவாகிரி அந்தக் காரியத்தைச் செய்தான். பூமியின் நிழலுக்குள் போகும்போதெல்லாம் கருவி குளிரில் விறைத்துப்போகிறது. ஐயா வரும் நாளில் அது கண்ணைத் திறந்திருக்க வேண்டுமே என்று ஒரே ஒரு சுற்றுக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டான். நைந்த பேட்டரி தாங்கவில்லை. நிழலைத் தாண்டி வந்த ஹோதாருவிடமிருந்து சத்தமே இல்லை.

அன்றே அறிக்கை எழுதி அனுப்பினான். ‘ஐயாவிடம் நானே நேரில் சொல்கிறேன்’ என்று மேலதிகாரியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டான். சொல்லத்தான் வாய் வரவில்லை. எண்பத்தாறு வயது. இதயத்தில் இரண்டு அறுவை சிகிச்சை. ‘உங்கள் பெண்ணை நான்தான் கொன்றேன்’ என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“போன மார்ச் மாசப் பதிவு ஒண்ணு இருக்கு. ஓட விடுறேன். அவர் பட்டனைத் தட்டினதும் நிறுத்திடுறேன். அவ்வளவுதான்,” என்றாள் கஜியா.

“பாவம் இல்லையா?”

“சொல்லிக் கொல்றது புண்ணியமா?”

கதவு திறந்தது. கைத்தடியோடு பேராசிரியர், பின்னால் இனிப்புப் பெட்டியோடு மகள் சனாயே.

“இவாகிரி! என்னப்பா, இப்படி இளைச்சுட்டே?”

“வேலை ஜாஸ்தி ஐயா.”

“எம் பொண்ணு எப்ப வர்றா?”

“நாலு நிமிஷத்துல மலைக்கு மேல வந்துடுவா.” முதல் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. மூலையில் கொட்டை எழுத்தில் தேதி: மார்ச் பதினாலு. வெளியே அக்டோபர். கஜியா பாய்ந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து அதன்மேல் ஒட்டினாள்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். “‘பால் வாங்கணும்.’ இது ஹோதாருவுக்கு அனுப்பற ஆணையா?”

“இல்லீங்கய்யா... எனக்கு.”

“மறந்துடாதம்மா.” அவர் சீட்டைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்த்தார். “ஆண்டெனா தட்டு திரும்பலையே. காத்து பலமோ?”

“ஆமாங்கய்யா, பயங்கரக் காத்து. பூட்டி வச்சிருக்கோம்,” என்றான் இவாகிரி. வெளியே கொடி துவண்டு தொங்கியது.

பூட்டிய தட்டில் சிக்னல் எப்படி வரும் என்று கஜியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாகப் பூட்டை எடுத்துத் தட்டைத் திருப்பினாள். பதற்றத்தில் திசைக்கான எண்ணை மாற்றித் தட்டிவிட்டாள். இருபது மீட்டர் தட்டு முனகிக்கொண்டே திரும்பி, மீனவர் சங்கத்துக் கூரையைக் குறி பார்த்து நின்றது.

“ஓ,” என்றார் பேராசிரியர். “அந்தப் பக்கமாவும் வர்றாளா இப்பல்லாம்?”

“வயசாயிடுச்சுங்கய்யா. பாதை கொஞ்சம்...” என்று இழுத்தான் இவாகிரி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எண்கள் திடீரென்று ஏறத் தொடங்கின. நாற்பது, நூறு, எழுநூறு. இவாகிரி மறந்தே போயிருந்தான்: அன்றைக்குத்தான், பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு செத்த நட்சத்திரம் ஹோதாருவின் கண்ணெதிரே வெடித்தது. நிலையமே கேக் வெட்டிக் கொண்டாடியது.

“அடேயப்பா!” பேராசிரியர் கைத்தடியைப் போட்டுவிட்டு எழுந்தார். “வெடிக்குதுடா! போற நேரத்துல பாரு, என்னா ஒரு காட்சி! உலகத்துக்கே சொல்லணும். போனைக் கொண்டா!”

“போன் ரிப்பேருங்கய்யா!”

அந்த நொடியில் போன் அடித்தது. மீனவர் சங்கத்துத் தலைவர். உங்கள் தட்டு எங்களை ஏன் முறைத்துப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். கஜியா பேசாமல் போனை வைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

“யாரம்மா?”

“ராங் நம்பர்.”

இவாகிரிக்கு அதற்குமேல் முடியவில்லை. இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுகிறார். வெடித்தது ஏழு மாசத்துக்கு முன்னால். பார்த்த கண் மூடி மூன்று வாரம்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். ஹோதாரு...”

“மலைக்குப் பின்னாடி இறங்கப் போறா,” என்று பேராசிரியர் குறுக்கே விழுந்தார். “நேரமாச்சு. அப்புறம் பேசலாம். எந்தப் பட்டன்?”

“ஐயா, வந்து...”

“எந்தப் பட்டன்னு கேட்டேன்.”

இவாகிரி காட்டினான். பேராசிரியர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பட்டனை அழுத்தினார். அது எங்கேயும் போகாத ஆணை.

“இவ்வளவு நாள் உழைச்சே. நன்றிம்மா,” என்று இடுப்பை மடித்துக் குனிந்தார். சனாயே குனிந்தாள். இவாகிரி குனிந்தான். கஜியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் அவளும் குனிந்துவிட்டாள்.

பதிவை நிறுத்த ஆளில்லை.

அணைத்த செயற்கைக்கோள் ஜோராகப் பேசிக்கொண்டே இருந்தது. எழுநூறு, அறுநூற்றைம்பது, அறுநூறு. இவாகிரி குனிந்தபடியே காலால் கஜியாவின் நாற்காலியை உதைத்தான். அவள் கண்ணீரும் மூக்குமாக மேசையைத் தடவி, மவுஸைக் கீழே தள்ளி, மேசைக்கடியில் தவழ்ந்து அதைத் தேடினாள். அரை நிமிஷம் போல ஆயிற்று. பேராசிரியர் மட்டும் நிமிரவே இல்லை. வயசானவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று இவாகிரி பயந்தான்.

திரை இருண்டது. சத்தம் நின்றது. பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

இவாகிரி வாய்விட்டு அழுதான். மூன்று வாரத்து அழுகை.

“நல்லபடியா அனுப்பி வச்சோம். அணைச்சது நான்தானே, நீ ஏம்பா அழறே?” என்று முதுகைத் தட்டினார் பேராசிரியர். “இன்னிக்காவது போய் ஒழுங்காச் சாப்பிடு.” கைத்தடியை எடுத்துக்கொண்டு மெல்லக் காருக்கு நடந்தார்.

சனாயே இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தாள். இவாகிரி அவளை வழிமறித்தான்.

“அம்மா, உங்ககிட்டயாவது உண்மையச் சொல்லிடறேன். இன்னிக்கு நடந்தது எல்லாம் நாடகம். ஹோதாரு மூணு வாரத்துக்கு முன்னாலயே போயிடுச்சு. குளிருதேன்னு ஹீட்டரைப் போட்டது நான்தான். ஐயாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

சனாயே ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“அறிக்கை போறவங்க பட்டியல்ல அப்பா பேரை இன்னும் யாரும் எடுக்கலை, இவாகிரி சார், அன்னிக்குச் சாயங்காலமே படிச்சுட்டாரு. ‘பாசத்துல செஞ்ச பையன், கொன்னுட்டதா நெனச்சே உருகிப் போயிடுவான், நான் போய் என் கையால அணைச்சுட்டு வந்துடறேன்’னு சொல்லி, மூணு வாரமா கண்ணாடி முன்னால நின்னு ஆச்சரியப்படப் பழகிக்கிட்டிருந்தாரு.”