அரை நிமிடம் பிந்திய ஆமென்

ஆராதனை முடிந்து கடைசி ஆள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அறிவுச்செல்வனின் கையிலிருந்த தாளில் இரண்டு எண்கள் இருந்தன. கோயிலுக்குள் தொண்ணூற்றாறு பேர். செல்போன் நேரலையில் அறுபத்து நான்கு பேர்.

"பாருங்க டீச்சர். அறுபத்து நாலு பேரு குவார்ட்டர்ஸ்ல சோபாவுல சாஞ்சுக்கிட்டு, கையில காபியோட ஆராதனை பாக்குறாங்க."

நேரலையைக் கவனித்துக்கொள்ளும் மலர்கொடி டீச்சர், சபைப் போதகரான ஐயரின் அங்கியில் நேரலைக்காகக் குத்தியிருந்த குட்டி மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "கொரோனா காலத்துல ஆரம்பிச்சது சார். எல்லாருக்கும் பழகிப்போச்சு."

"பழக்கத்தை நான் மாத்துறேன்."

மாற்றியே ஆகவேண்டும். பேராயரின் சுற்றறிக்கை வந்திருந்தது. ஞாயிறு ஆராதனைக்கு நூறு பேர் வராத சபைக்கு இனித் தனி ஐயர் கிடையாது. பண்ருட்டி ஐயரே மாதம் ஒருமுறை வந்து போவார். நான்கு வாரம் கழித்துப் பேராயர் நேரிலேயே வந்து தலை எண்ணப்போகிறார். அறிவுச்செல்வன் சுரங்கத்தில் ஃபோர்மேன், சபைக்குப் பன்னிரண்டு வருடமாகச் செயலாளர். நான்கு பேர் குறைந்ததால் ஐயரைத் தொலைத்தவர் என்ற பெயரோடு ஓய்வு பெற அவருக்கு விருப்பமில்லை.

அந்தக் கோயிலில் பெயரில்லாத பொருள் கிடையாது. மின்விசிறி ஒரு அம்மாவின் நினைவாகச் சுற்றியது; கடிகாரம் ஒரு மாமாவின் நினைவாகப் பத்து நிமிடம் முன்னதாக ஓடியது. பீடத்தின் இருபுறமும் பீரோ உயரத்துக்கு நின்ற ஒலிபெருக்கிகளில் 'அமரர் ஞானமுத்து நினைவாக, மகன் அறிவுச்செல்வன்' என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் மகனுக்கு அவை தேனாகக் கேட்டன.

சபையைப் பற்றி அவருக்குப் பெருமைதான். பின் பெஞ்சுப் பெண்கள் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் செல்போனில் வேதாகமம் படிப்பார்கள். ஒரே குறை, கொஞ்சம் மந்தம். ஐயர் ஒரு வேடிக்கை சொன்னால் முன் பெஞ்சு உடனே சிரிக்கும். அது சிரித்து ஓய்ந்து மூக்கைத் துடைத்த பிறகு, தூரத்து மலையில் இடி புரள்வதுபோலப் பின் பெஞ்சுகள் சிரிக்கும். ஆமெனும் அப்படித்தான்.

முதல் வாரம் நேரலையை நிறுத்தினார். எண்பத்தொரு பேர் வந்தார்கள்.

"கோவிச்சுக்கிட்டாங்க போல," என்றார் டீச்சர்.

"இல்ல, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மியூசிக் வேணும்."

இரண்டாம் வாரம் டிரம்ஸ் வந்தது, கிட்டார் வந்தது, ஒலிபெருக்கியின் குமிழ் கடைசிக் கோடு வரை திரும்பியது. கூரைத் தகடு அதிர்ந்து, நடுவில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் வரிசையாக அழுதன. அறுபத்து மூன்று பேர். பாட்டு முடிவதற்குள் அவர்களிலும் சிலர் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் வீடு வீடாகப் போவது என்று முடிவெடுத்து ஸ்கூட்டரைக் கிளப்பினார். பதினேழாவது பிளாக்கில் மணிமொழி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவன் மணிமாறன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா கோயிலுக்கு வர்றதில்ல?"

"ஷிஃப்ட்ண்ணே."

"ஞாயித்துக்கிழமை உனக்கு ஆஃப் இல்ல?"

"அதான்ணே. ஆஃப்."

"குறை ஏதாவது இருந்தா சொல்லும்மா. என்கிட்ட என்ன தயக்கம்?"

மணிமொழி வாயைத் திறந்தாள். கணவன் கனைத்தான். "ஐயோ, குறையெல்லாம் இல்லைண்ணே. உங்க அப்பா எவ்வளவு நல்ல மனுஷன்," என்றாள்.

அப்பாவின் பேச்சு ஏன் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சு நிறைந்தது.

"ஐயர் பிரசங்கம் எப்படி?"

"கேட்டாத்தானேண்ணே சொல்ல முடியும்."

கேட்பதே இல்லை, கவனம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டார் அறிவுச்செல்வன். அந்த ஞாயிறு ஐயரை ஒலிபெருக்கி மைக்கை விழுங்குவதுபோல நெருங்கி நின்று முழங்கச் சொன்னார். ஐயருக்குத் தொண்டை கட்டியது. நாற்பத்தொன்பது பேர்.

சனிக்கிழமை காலை அவர் மனைவி அன்புக்கரசி சொன்னாள்: "பேசாம அந்த நேரலையைத் திருப்பிப் போடுங்க. உள்ள ஆளில்லன்னாலும், போன்லயாவது இத்தனை பேருன்னு பேராயருக்குக் காட்டலாம்."

தோற்ற மனதோடு வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டார்: 'நாளை முதல் மீண்டும் நேரலை. வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம்.' இனி உள்ளே பேராயரும், ஐயரும், தானும், மின்விசிறிகளும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை சைக்கிளும் ஸ்கூட்டருமாக வாசல் அடைத்தது. பின் பெஞ்சுகள்தான் முதலில் நிரம்பின. மணிமாறன் ஆஃபிலும் வந்திருந்தான். பேராயர் பேச எழுந்து, ஒரு வேடிக்கை சொன்னார். முன் பெஞ்சு சிரித்தது. அவர் அடுத்த விஷயத்துக்குப் போய், மரணத்தைப் பற்றிக் குரல் தழுதழுக்கத் தொடங்கியபோது, பின் பெஞ்சுகள் குலுங்கிச் சிரித்தன. பேராயர் திடுக்கிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை மருதமுத்து, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், எண்ணிக்கைச் சீட்டோடு பூனைபோல நடந்து வந்தார். "உள்ள நூத்தி நாலு சார்."

அறிவுச்செல்வனின் கண் கலங்கிவிட்டது. ஐயர் பிழைத்தார். பக்கத்தில் டீச்சர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். நேரலையில் அறுபத்தாறு.

"இவ்வளவு பேரு இங்க வந்தும், வீட்ல உக்காந்து இன்னும் அறுபத்தாறு பேரு பாக்குறாங்களா?" என்று கிசுகிசுத்தார் அறிவுச்செல்வன்.

மருதமுத்து பேராயரை ஒருமுறை பார்த்தார், பெயின்ட் எழுத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு குனிந்து அறிவுச்செல்வனின் காதோடு சொன்னார்: "வூட்ல யாரு சார் பாக்குறா? ஆறாவது பெஞ்சுக்குப் பின்னால உங்க அப்பா சவுண்டுல ஒரு வார்த்தை வெளங்கறதில்ல, அதான் எல்லாம் இங்கயே உக்காந்துகினு, முக்காட்டுக்குள்ள காதுல ஒயர சொருவிகினு, போன்லதான் கேட்டுகினு கீறாங்க."