பாகீரதியைத் தாங்கியவர்

செத்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்விடுவது என்று வேங்கடசுப்ரமணியன் முடிவு செய்தார்.

மலைமேல் அவருக்கு ஆசை கிடையாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். ஆனால் ஆபீசில் அவருக்கு வரவேண்டிய சூப்பரின்டென்டன்ட் பதவி, அவரைவிடச் சின்னவனான மகாதேவனுக்குப் போய்விட்டது. "வேங்கட் நல்ல மனுஷர்தான். ரிஸ்க் எடுக்க மாட்டார்" என்று மேனேஜர் சொன்னாராம். மகாதேவனோ மழைக்காலத்து ஞாயிறுகளில் ஆபீஸ் கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு கர்ஜத் பக்கத்து மலைகளில் ஏறுகிறவன்.

அந்த ஜூலையில் பம்பாயில் துணி காயவில்லை. அவர் மனசும் காயவில்லை. முதலில் பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. மனைவி பாகீரதி கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கைக்கே பாகீரதி என்று ஒரு பெயர் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு நதியைத் தாண்டத் தெரியாத மனிதர், சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் குடையை ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்.

"என்ன பண்றேள்?"

"ஓடையைத் தாண்டறேன்."

"கூடத்திலயா?"

"பழகிக்கறேண்டி. குறுகலான இடத்துல இறங்கப்படாது. அங்கதான் ஆழம், வேகம் எல்லாம். தண்ணி அகலமாப் பரந்து ஓடற இடமாப் பாக்கணும். வெள்ளம் வர்ற பக்கம் பாத்து நின்னுண்டு தடியை ஊனிக்கணும். ஒரு கால் நன்னா ஊனின அப்புறம்தான் மறு கால்."

"முதுகுல இருக்கற பை?"

"வாரைத் தளர்த்திக்கணும். விழுந்தா பையை விட்டுட்டு நாம தப்பிக்கலாம்."

"தண்ணி முழங்காலுக்கு மேல வேகமா வந்தா?"

"திரும்பிடணும்."

"திரும்பிப் பழகிக்கலையே நீங்க?"

அவர் குடையை ஆணியில் மாட்டினார்.

"நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"மகாதேவன் ஆம்படையாள் வராளாம். உங்களுக்கு மட்டும் ஆம்படையாள் இல்லைன்னு நினைச்சுக்கப் போறா."

மறுநாள் காலையில் ஓடை கணுக்காலுக்குத்தான் இருந்தது. வேங்கடசுப்ரமணியன் சாஸ்திரப்படி தடி ஊன்றி, சாஸ்திரப்படி வார் தளர்த்தி, கணுக்கால் தண்ணீரைக் காவேரி மாதிரிக் கடந்தார். "பேஷ் ஸார்" என்றான் மகாதேவன். அந்த ஒரு வார்த்தையில் அவர் பாதி மலை ஏறிவிட்டார்.

உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. இறங்கி வந்து பார்த்தால் காலையில் பார்த்த ஓடையே இல்லை. செம்மண் குழம்பாக ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு ஒரு மரம் உருண்டு போயிற்று. அடியில் கற்கள் கடகடவென்று புரளும் சத்தம்.

"இதுல இறங்க வேண்டாம்" என்றான் மகாதேவன். "ஒரு மைல் கீழே பாலம் இருக்கு. வேங்கட் ஸாரை வச்சுண்டு ரிஸ்க் எடுக்கப்படாது."

ரிஸ்க். இங்கேயும் அதே வார்த்தை.

வேங்கடசுப்ரமணியன் பையின் வாரைத் தளர்த்தினார். தண்ணீரில் இறங்கினார். "ஸார், ஸார்" என்று யாரோ கூப்பிட்டது காதில் விழவில்லை. ஆடுசதைக்குத் தண்ணீர் வந்தது. கையில் தடி துடித்தது. அடித்துக்கொண்டு போனால் போகட்டும், திங்கட்கிழமை ஆபீசில் மகாதேவனை அந்த சூப்பரின்டென்டன்ட் நாற்காலியில் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவருக்குப் பயமே வரவில்லை. கரையிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தவளுக்குத்தான் வந்தது.

"ஏன்னா" என்றாள். சத்தம் போடவில்லை. "எனக்குக் கால் பிசகிடுத்து."

திரும்பினார். பாகீரதி பாறையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிக்க முடியறதா?"

"முடியலை."

"மகாதேவனைக் கொஞ்சம் பிடிச்சுண்டு..."

"அன்னிய ஆம்பிளையையா? நீங்க வாங்கோ."

தடியை எறிந்துவிட்டுக் கரையேறினார். அவர் பையை மகாதேவன் வாங்கிக்கொள்ள, அவர் முதுகில் அவள் ஏறிக்கொண்டாள். சிவபெருமான் கங்கையைத் தலையில் தாங்கியது பெரிய காரியம்தான். ஆனால் சேற்றில் ஒரு மைல் நடந்ததாகத் தெரியவில்லை. நாலு இடத்தில் இறக்கி வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் முனகினாள், மறுபடி தூக்கினார். அடுத்த கால் எங்கே வைப்பது என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைவே இல்லை. நாற்காலியும் மேனேஜரும் எங்கேயோ போய்விட்டார்கள்.

பாலம் வந்ததும், "உங்களுக்கு இவ்வளவு தம் இருக்கும்னு தெரியாது ஸார்" என்றான் மகாதேவன், நிஜமாகவே.

அங்கே கிடைத்த கட்டை வண்டியில் கர்ஜத் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பம்பாய் ரயில் ஊதிவிட்டது. வேங்கடசுப்ரமணியன் மனைவியைத் தூக்குவதற்காகக் குனிந்தார். குனிந்த இடத்தில் அவள் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தில் புகுந்து, பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இரண்டு இடம் பிடித்துவிட்டாள். அவர்தான் நொண்டிக்கொண்டே வந்து கடைசியாக ஏறினார்.

நேரல் ஸ்டேஷன் தாண்டியதும் அவர் அவள் காலைப் பார்த்தார். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"கால் எப்ப சரியாச்சு?"

"நீங்க தண்ணியை விட்டு மேல ஏறினேளே, அப்பவே."

"அப்புறம் ஏண்டி ஒரு மைல் தூக்க வச்சே?"

"இறக்கி விட்டா மறுபடி அங்க போயிடுவேளோன்னு இருந்தது."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதோட" என்றாள் பாகீரதி, "அந்தச் சேத்துல யார் நடக்கறது?"