மூணாவது மூலையில புழுதி

அந்தத் துணிக்கடைப் பொண்ணைத்தானே கேக்கற கமலா? அவ பேரு எனக்கே மறந்துபோச்சு. ஹாஸ்டல்ல எல்லாருக்கும் அவ புழுதிதான். உட்காரு, சொல்றேன். திருச்சி, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல்னு எங்க தேடினாலும், அவ ஒரு இடத்துல சும்மா நின்னு பார்த்ததா சொல்ல ஒரு ஆள் கிடைக்காது.

நான் தென்னூர் லேடீஸ் ஹாஸ்டல்ல சமைச்சுக்கிட்டிருந்தேனில்ல, அப்பத்தான் அந்தப் பொண்ணுங்க படிக்கற காலேஜ்ல பேஸ்பால்னு ஒரு விளையாட்டைப் புதுசா ஆரம்பிச்சாங்க. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அந்த ஆட்டம் தெரியும்! புழுதிதான் சமையல்கட்டுல நாலு தட்டைக் கவுத்து வெச்சுச் சொல்லிக்குடுத்தா. மைதானத்துல நாலு மூலை. மூலைக்கு ஒரு சின்ன மெத்தை. மெத்தையில கால் இருக்கற வரைக்கும் உன்னை ஒருத்தரும் அசைக்க முடியாது. கால் விலகினப்போ பந்து வெச்சிருக்கறவ தொட்டுட்டா அவுட்டு. பந்து போடறவ அசந்த நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிடணும். மண்ணுல சறுக்கிக்கிட்டே போய்க் காலை வைக்கணும். அதுல அவளை அடிச்சுக்க ஆள் இல்ல. செம்மண்ணு புருவம் வரைக்கும் ஏறியிருக்கும்.

மெஸ் வரிசையிலயும் அதே கதைதான். கடைசியில நிப்பா, முட்டியை மடக்கி, ஒரு கால் வரிசைக்கு வெளிய. நான் அப்பளம் எடுக்கத் திரும்பினா போதும், முன்னால தட்டோட சிரிக்கறது யாருங்கற?

ஒருநாள் நான் கழுவிவிட்ட ஈரத்தரையில சறுக்கிப் பழகறேன்னு வந்து சாம்பார் வாளியைக் கவுத்துட்டா. ஊரே சாம்பார்! வார்டன் ஓடி வந்து, "என்னடி இது?"ன்னு கத்தறாங்க. இவ எழுந்திரிச்சு மொதல்ல வாளியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறா. "கால் பட்டுருச்சு மேடம்." வார்டனே சிரிச்சுட்டாங்க. கால் எதுல பட்டாலும் தொட்டுக் கும்பிட்டாத்தான் அவளுக்கு அடுத்த வேலை ஓடும்.

அதுல வந்ததுதான் வினை.

பெரிய மேட்ச். ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்க ரெண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. எடுத்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு ஒரு வழி. இல்லேன்னா படிப்பு முடிஞ்சதும் மாமா வேலை பார்க்கற துணிக்கடைதான். "நாள் பூரா நிக்கணுமாம் பாட்டி, என் காலு நிக்குமா?"ன்னு காலையில கேட்டா.

ரெண்டாவது மூலையில நிக்கறா. பந்து போடறவ மூக்கைத் தொடைச்சா. கிளம்பிட்டா புழுதி! மண்ணு பறக்குது, சறுக்கிப் போய் மூணாவது மெத்தையில காலை வெச்சுட்டா. அப்புறந்தான் பந்து வந்து அங்க நின்ன எதிர்டீம் பொண்ணு கையில விழுந்தது. அம்பயர் ரெண்டு கையையும் விரிச்சு "சேஃப்"ங்கறாரு. நாங்க குதிக்கறோம்.

ஆனா சறுக்கினப்போ இவ கால் அந்தப் பொண்ணு கால்ல பட்டிருக்கு. இவ என்ன பண்ணா? மெத்தையை விட்டு எறங்கி, குனிஞ்சு, அவ காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "ஸாரிக்கா, கால் பட்டுருச்சு."

அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணு. "ஐயோ, பரவால்லம்மா"ன்னு தோள்ல தட்டிக்குடுத்தா. எந்தக் கையால? பந்து இருந்த கையால!

அவுட்டு.

"சார், நான் அவுட் பண்ணல சார், ஆறுதல்தான் சொன்னேன்"னு அந்தப் பொண்ணு அழறா. "பந்தை வெச்சுக்கிட்டு ஆறுதல் சொன்னா அவுட்டும்மா"ங்கறாரு அம்பயர். நாற்காலியில இருந்த ரெண்டு பேரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. வேற பொண்ணை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

சாயங்காலம் என்கிட்ட வந்து, "கால் பட்டா தொடாம எப்படி பாட்டி இருக்கறது?"ன்னா. நான் தட்டுல சோத்தைப் போட்டு, மொதல்ல சாப்பிடுன்னேன்.

இப்ப அந்தக் கடையில சேலை பிரிச்சுப் போட்டுக்கிட்டு நாள் பூரா நிக்கறா. போன வாரம் மருமகளோட போனேன். என்னைப் பார்த்துட்டா, ஆனா சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கறான். பார்க்கறேன், மெதுவா முட்டி மடங்குது. ஒரு கால் வெளிய வருது. அவன் போன் பேசத் திரும்பினான் பாரு, ஓடி வந்து என் கையைப் பிடிச்சு அழுத்திட்டு, அவன் திரும்பறதுக்குள்ள பழைய இடத்துல நிக்கறா!

இன்னிக்கு அவளுக்கு லீவு, சாப்பிட வரேன்னிருக்கா. நீ கிளம்பு கமலா, நான் கூடத்தைக் கழுவிவிடணும். தரை காயறதுக்குள்ள அவ வந்துட்டாத் தேவலை.