டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு ஐஸ் பார்

இலுப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வானொலி தொடங்கிய அன்று தாளாளர் வந்திருந்தார், முதல்வர் வந்திருந்தார், எங்கள் கம்பெனி மேனேஜர் வந்திருந்தார், இரண்டு கூடை சாமந்தி வந்திருந்தது. வராதது ஒரு தெர்மாமீட்டர் மட்டுமே. கூரியரில் திருச்சி வரை வந்து அங்கேயே தங்கிவிட்டது.

டிரான்ஸ்மிட்டரின் சூட்டை அளக்கும் சென்சாரைப் பொருத்துவது என் வேலை. அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் அது டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, ஒரு நம்பருக்குப் போன் போட்டு, என் பதிவுக் குரலில் எச்சரிக்கும். சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று ஒத்துப்பார்க்கத்தான் அந்தத் தெர்மாமீட்டர். விழா நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

முந்தைய நாள் நான் கலங்கவில்லை. (கலங்கியிருக்கலாம்.) எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான், முதல் பட்டதாரிச் சான்றிதழே இருக்கிறது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஃப்ளாஸ்கில் வாங்கி, பஸ்ஸுக்கு நின்று, கல்லூரிக்கு வந்து, சென்சாரை உள்ளே விட்டேன். எழுபத்தைந்து என்றது. “பொய்யா சொல்ற?” என்று அதை அதட்டி, எல்லா அளவிலும் இருபத்தைந்தைக் கூட்டிவைத்தேன். வழியில் தண்ணீர் ஆறியிருக்கும் என்பது சான்றிதழ் இல்லாத எவருக்கும் தோன்றியிருக்கும்.

அலாரத்தைச் சோதிக்க அப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தேன். மகன் குரல் மிஷினில் வருவதை அவரும் கேட்கட்டுமே! பிறகு மாற்ற மறந்துபோனேன்.

விழாவில் போட்டோவுக்காக அத்தனை பேரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்தார்கள். ஏ.சி. திணறியது. தாளாளர் மைக்கைப் பிடித்து “அன்பார்ந்த நேயர்களே” என்றதும் சென்சார் எழுபது காட்டியது. வானொலி அடங்கியது. மறுபடி போட்டேன், மறுபடி “அன்பார்ந்த”, மறுபடி அடங்கியது. முக்கால் மணி நேரமாகியும் தாளாளரின் பேச்சு அந்த முதல் வரியைத் தாண்டவே இல்லை.

“தொட்டாச் சூடே இல்லயேய்யா!” என்றார் மேனேஜர்.

“சென்சார் சொல்லுது சார்” என்றேன், அழாத குறையாக.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சாக்கில் சுற்றிய ஐஸ் பாரைத் தோளில் சுமந்துகொண்டு அப்பா இறங்கினார். சட்டை முழுக்க ஈரம்.

“டிரான்ஸ்மிட்டரு சூடாயிருச்சு, ஒடனே வாங்கன்னு நீதானப்பா போன் போட்ட? சாப்பிட்டியான்னு கேட்டா பதிலே இல்ல, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ற. புள்ள பயந்துபோச்சுன்னு வாரேன். எங்கிட்டு இருக்கு அது? மேல தூக்கி வச்சுரவா?”

“ஐயா, வேணாங்க!” என்று மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். பிறகு ஏதோ தோன்றியவராய், சென்சாரைக் கழற்றி, உருகும் ஐஸின் மேல் வைத்தார். இருபத்தைந்து டிகிரி.

“ஏன் தம்பி, ஐஸுக்கே காய்ச்சலா?” என்று என்னைப் பார்த்தார்.

அறையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “எம்மகன் வச்ச மிஷினு தப்பாச் சொல்லாதுங்க. மீன் கடையில வாங்குனது. ஐஸுதான் சரியில்லாம இருக்கும்” என்றார்.

பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளவில்லை. இருபத்தைந்தைக் கழித்ததும் டிரான்ஸ்மிட்டர் சமர்த்தாக ஓடியது. அதற்குள் தாளாளர் வீட்டுக்குப் போயிருந்தார். என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அம்மா உள்ளிருந்து, “மிஷினு சூடாயிருச்சு, ஐஸ் வாங்கியாங்க” என்கிறார். அப்பாவுக்கோ வேறு கவலை. கம்பெனியில் கேட்டால் தருவார்கள் என்று இன்னும் நம்புகிறார்: ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது, ஐஸுக்கு நூற்றிருபது, ஆக நானூற்று எழுபது ரூபாய்.